வாலாஜாவில் இருந்த சாவி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஹாஜிரா பீயின் வீடு. முன்கட்டில் அவள் இருந்தாள். முற்றத்தையும் கிணற்றையும் தாண்டினால் பின்கட்டில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். புத்தகம் பைண்டு செய்து பிழைத்த அவள் புருஷன் வலியுல்லா, காகிதக் கட்டுகளை அடுக்கி வைப்பதற்காகக் கட்டியவை. காகிதம் நனையக் கூடாது என்று சுவரைக் கோட்டை மதில் மாதிரி எழுப்பிய மனிதர், தாம் நனைவதைப் பற்றி யோசிக்காமல் ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஹாஜிரா பீ தொப்பி தைத்துக் காலம் தள்ளினாள். பின்கட்டு அறைகளைப் பங்குனி உற்சவத்துக்குக் கடை போட வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் பத்து நாள் வாடகைக்கு விட்டாள்.

ரம்ஜான் பிறை தெரிந்ததா என்று அவள் பக்கத்து வீட்டில் விசாரிப்பது உண்டு. கபாலீசுவரர் கோயிலில் கொடியேற்றம் என்றைக்கு என்று அவள் யாரையும் விசாரித்ததில்லை. அது அவளுக்கே தெரியும்.

முதல் அறை பண்ணுருட்டி பொம்மைக்காரர் பொன்னுரங்கத்துக்கு. இரண்டாவது வாலாஜா வளையல்காரர் அப்துல் கஃபாருக்கு. பத்தொன்பது வருஷமாக இதே இருவர்தான். பொன்னுரங்கம் வாய் திறக்காத மனிதர். கஃபார் அப்படியில்லை. விடியற்காலையில் கிணற்றடியில் நின்று அவர் தொண்டையைக் கொப்பளிப்பது சாந்தோம் கடற்கரை வரை கேட்கும் என்பது ஹாஜிரா பீயின் அபிப்பிராயம். தவிர, உடைந்த வளையல் துண்டுகள் முற்றத்தில் கிடந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள் காலைப் பதம் பார்க்கும். ஆகவே வருஷா வருஷம் உற்சவம் முடிந்து அவர் மூட்டை கட்டும்போது சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்:

"இத்தோட சரி. அடுத்த வருசம் உனக்கு ரூம் கெடையாது. என் வூடு, என் இஷ்டம்!"

"சரி ஆபா" என்பார் கஃபார். அக்கா என்று அர்த்தம். சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிடுவார்.

சாவியை அவர்களே கொண்டுபோவது அந்த வீட்டு வழக்கம். முதல் வருஷம் அவள்தான் வைத்திருந்தாள். விற்காத பொம்மைகளையும் கடை மூங்கில்களையும் அறையிலேயே போட்டுவிட்டுப் போன பொன்னுரங்கம், மறு வருஷம் வந்து பார்த்தபோது ஒரு செட்டியார் பொம்மைக்கு மூக்கு இல்லை. அவர் மூக்கு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். "மூக்கு போன பொம்மைக்கெல்லாம் நான் ஜவாப் சொல்லிக்கினு இருக்க முடியாது. சாவிய நீயே எடுத்துக்கினு போ" என்று அவர் கையில் திணித்துவிட்டாள். பொம்மைக்காரருக்குக் கிடைத்த மரியாதை தமக்கும் வேண்டும் என்று கஃபாரும் தம் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குச் சொந்தக்காரி, தன் வீட்டின் இரண்டு அறைகளை வருஷத்தில் முந்நூற்றைம்பத்தைந்து நாள் வெளியிலிருந்து மட்டுமே பார்த்தாள்.

1946 பங்குனியில் சுகாதார இன்ஸ்பெக்டர் பத்ரிநாராயணன் டேப்போடு வந்தார். வடக்கு மாட வீதிக்காரர். கொலுவுக்குப் பொன்னுரங்கத்திடம்தான் பொம்மை வாங்குவார்.

"வெளியூராளைத் தங்க வெச்சா லாட்ஜிங் லைசென்ஸ் வேணும், தெரியுமோன்னோ? ஒரு ஆளுக்கு இவ்வளவு சதுர அடின்னு கணக்கு இருக்கு. இந்த ரூம்ல நாலு பேர்தான் படுக்கலாம். கடை ஆளுங்களோட சேர்த்து இங்க ஏழு பாய் கெடக்கு."

"ஏழு பாய்ல மூணு பொம்மைக்கு சாமி. பொம்மைக்கும் சதுர அடி உண்டா?"

பத்ரிநாராயணன் சட்டப் புஸ்தகத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

"உங்க வூட்ல உற்சவத்துக்கு எத்தினி பேரு வந்துகீறாங்க?"

"பதினாலு பேர். அதெல்லாம் பந்துக்கள்."

"லைசென்ஸ் கீதா?"

"நான் காசு வாங்கலையே!"

"ஓகோ. காசு வாங்காட்டி நெரிசல் ஆவாதா?"

அவர் டேப்பைச் சுருட்டினார். நல்ல மனுஷர். நோட்டீசைக் கொடுத்துவிட்டு, மனுவையும் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார். ஒழுங்கை மீறுகிறவள் என்று பெயர் எடுக்க ஹாஜிரா பீக்கு இஷ்டமில்லை. வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வாசலில் பலகை வேண்டும் என்பது விதி; லைசென்ஸ் வருவதற்கு முன்பே பெயிண்டரைப் பிடித்து ‘ஹாஜிரா பீ தங்கும் விடுதி’ என்று நீலத்தில் எழுதி வாங்கிவிட்டாள். அவளுக்கு உருதுதான் படிக்கத் தெரியும். ஆனாலும் நீலம் நன்றாக இருந்தது.

மனுவில் ஒரு கேள்வி: வருஷத்தில் எத்தனை நாள் ஆட்கள் தங்குகிறார்கள்? பத்து. மற்ற நாட்களில்?

"மத்த நாள்ல ஒரு காக்கா குருவிகூட கெடையாது" என்றாள் ஹாஜிரா பீ பெருமையாக. அவள் உத்தேசித்தது சுத்தத்தை. பத்ரிநாராயணன் ‘ஆளில்லை’ என்று எழுதினார். அவர் உத்தேசித்தது உண்மையை. இருவருமாகச் சேர்ந்து வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அடுத்த வருஷம் மாசியில்தான் தெரிந்தது.

யுத்தம் முடிந்து பட்டணத்தில் வீடு கிடைக்காத காலம். வீடு காலியானால் ஒரு வாரத்துக்குள் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் விரும்பினால் மாற்றலாகி வரும் தன் உத்தியோகஸ்தருக்கு அதைக் கொடுக்கும். ஹாஜிரா பீயின் மனு மேஜை மேஜையாக நகர்ந்து, இந்தச் சட்டத்தைக் கவனிக்கிற மேஜையில் போய் உட்கார்ந்தது. கோயமுத்தூரிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வருகிறார், மயிலாப்பூரில் இரண்டு அறை வேண்டும் என்றார்கள்.

அதிகாரி ஒருவர் வந்து முற்றத்தில் நின்றார். பின்னால் பத்ரிநாராயணன், குடையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் சாமி? நீங்க கேட்டதுக்குத்தானே பதில் சொன்னேன்" என்றாள் ஹாஜிரா பீ.

"அதான் எனக்கும் புரியலை" என்றார் அவர், மெதுவாக.

கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம். அறைகள் போய்விட்டால் இரண்டு பேரும் வந்து எங்கே இறங்குவார்கள்? அந்தக் கோயமுத்தூர்க்காரர் பிறகு எப்போது கிளம்புவார்? சர்க்கார் கொண்டுவந்து வைத்த ஆளை எந்த வாயால் போகச் சொல்வது?

"அறையைத் திறங்கம்மா, பார்க்கணும்" என்றார் அதிகாரி.

"சாவி இல்லீங்க."

"எங்கே?"

"ஒண்ணு பண்ணுருட்டில கீது. இன்னொண்ணு வாலாஜாவுல."

அதிகாரி இரண்டு பூட்டுகளையும் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தார். செட்டியார் பொம்மைகள் இருபது முப்பது பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வருஷம் பூரா சாமான் உள்ளேயே இருக்கா? சாவி அவங்க கையிலா? அப்படின்னா இவங்க தங்கிட்டுப் போற ஆளுங்க இல்லை. குடித்தனக்காரங்க. குடி இருக்கிற இடத்தை நாங்க எடுக்க முடியாது." அவர் பேனாவைத் திறந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நினைச்சா அவங்களை நீங்க வெளியே அனுப்பலாமா? அனுப்பலாம்னா காலி வீடுதான். அனுப்ப முடியாதுன்னா குடித்தனம். அப்படி எழுதிட்டா அப்புறம் சட்டப்படி நிஜமாவே அனுப்ப முடியாது, யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா மதில் மேலாக முகத்தை நீட்டி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உதவி செய்ய இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தாள்.

"அவ அனுப்பாமயா? அந்த வளையல்காரன வருசா வருசம் தொரத்துறாளே! சந்தே கேக்குமே!"

அதிகாரியின் பேனா நின்றது. ஹாஜிரா பீ வாலாஜாப் பூட்டைப் பார்த்தாள். உலகத்தில் அவள் இஷ்டப்படி நடக்கக்கூடியது என்று ஒரே ஒரு காரியம் இருந்தது. அதை அவள் இதுவரை செய்ததில்லை. ஆனால் எந்த வருஷம் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதில் ஒரு தெம்பு இருந்தது. கிணற்றடியில் அந்தக் கொப்பளிப்புச் சத்தத்தைப் பத்தொன்பது வருஷம் தாங்கிக்கொண்டதே அந்தத் தெம்பில்தான்.

"தொரத்துனேன், நைனா. எங்க போனான்? மறு பங்குனி வந்து நின்னுக்கினுதானே இருக்கான்" என்றாள். பிறகு, ஜமீலுன்னிசா பக்கம் பார்க்காமல், "அனுப்ப முடியாது. எழுதிக்கோ" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் உருதுவில் கையெழுத்துப் போட்டாள்.

நாலு நாள் கழித்துப் பத்ரிநாராயணன் இன்னொரு காகிதத்தோடு வந்தார். இரண்டு அறையிலும் நிரந்தரக் குடித்தனம் இருப்பதால் அது விடுதி ஆகாது. லைசென்ஸ் தேவையில்லை, கேட்டாலும் கிடையாது. ஆகவே பலகையை எடுத்துவிட வேண்டியது.

"சுண்ணாம்பையும் சொரண்டணுமா?" என்று கேட்டாள்.

"அது வேண்டாம். சுண்ணாம்பு எல்லாருக்கும் நல்லது."

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். செய்தி சந்து முனையிலேயே அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. ஜமீலுன்னிசா அங்கேதான் நின்றிருந்தாள். பொன்னுரங்கம் வழக்கம்போல் பூட்டைத் திறந்து மூக்குகளை எண்ணினார். கஃபார் வாசலிலேயே நின்று சலாம் போட்டார்.

"ஆபா, நான் இப்ப குடித்தனக்காரனாமே?"

"ஆமா. மூட்டைய எறக்கு. முத்தத்துல கண்ணாடி கெடக்கக் கூடாது. கெடந்தா அடுத்த வருசம்..." அவள் அங்கே நிறுத்திக்கொண்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியம் முடியாமல் நின்றது. கஃபார் மீதிக்காக மரியாதையாகக் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானமே அவள் பெயிண்டரைக் கூப்பிட்டுப் பலகையின் பின்பக்கத்தில் ‘கிணற்றடியில் கொப்பளிக்கக் கூடாது’ என்று அதே நீலத்தில் எழுத வைத்துக் கிணற்று ராட்டினத் தூணில் ஆணி அடித்து நிறுத்தினாள். சர்க்காருக்கு விதி இருந்தால் வீட்டுக்காரிக்கும் ஒன்று இருக்கட்டும் என்று.

பெயிண்டருக்குத் தமிழ்தான் எழுதத் தெரியும். கஃபாருக்கு உருதுதான் படிக்கத் தெரியும். விடியற்காலையில் கிணற்றடிக்குப் போனவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். நல்ல உயரத்தில், கைக்கு எட்டும்படி அடித்திருந்தார்கள். துண்டை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டுத் தொண்டையைச் சரி செய்துகொண்டார்.