பூட்டு வைத்த பொறி

எங்கள் அச்சகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. தன் நிழலையே நம்பாத மனுஷன். ஊழியர்களின் மெயில் முகவரிகள் நமக்குள் மட்டும்தான் புழங்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்று முதலாளி சொன்னதும், எங்களில் யாரோ ஏற்கெனவே பட்டியலை வெளியே கொடுத்துவிட்டதாக இவரே முடிவு கட்டிவிட்டார்.

ஆளைப் பிடிக்க, இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் முகவரி உண்டாக்கிப் பட்டியலில் சேர்த்தார். அதற்கு வெளியிலிருந்து மெயில் வந்தால் திருடன் எங்களில் ஒருவன். ஆபீஸ் மெயில் வெளியே போகும் வழியைத் தான் சரியாக அடைத்தாயிற்றா என்று பார்க்க, அந்த முகவரியிலிருந்தே தன் வீட்டு மெயிலுக்கு, "சும்மா பார்க்கத்தான் அனுப்பினேன், பதில் வேண்டாம்" என்று ஒரு வரி தட்டிவிட்டார். அடைத்திருந்தால் அது திரும்பி வந்திருக்கும். வந்ததா என்று பார்ப்பதற்குள் முதலாளி கூப்பிட்டார். பூட்டு அத்தோடு அதை மறந்தும் போனார்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. பூட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக முறைத்துவிட்டு, சத்தமாகப் படித்தார்.

"நீ யாரும்மா? எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கு எழுதறே? பதில் வேண்டாம்னா என்ன அர்த்தம்? நேர்லயே வர்றேன்."

அனுப்பிய முகவரியை அப்போதுதான் பார்த்தார்: அவருடைய வீட்டு மெயில். பதினோரு வருஷமாக ஆபீஸ் விஷயம் ஒன்றைப் பற்றியும் வீட்டில் மூச்சு விடாதவர்.

காவலாளி வந்தார். "சார், உங்க வீட்டம்மா வாசல்ல நிக்கிறாங்க. அந்தப் பொண்ணைப் பாக்கணுமாம். அப்படி யாரும் இங்க இல்லைன்னேன். 'அவர் சொல்லிக்குடுத்தாரா?'ன்னு கேக்கறாங்க."