பாவட்டை இலையின் கரும்புள்ளி

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். காபிக் குடும்பத்துச் செடிகளை எட்ட நின்றே சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு திமிர் உண்டு. இலைகள் எதிரெதிராக இருக்கும், இரண்டு காம்புகளுக்கும் நடுவே சின்னச் செதில் இருக்கும், வேறென்ன வேண்டும்?

போன கோடையில், மாணவர்களுக்குக் காட்ட அந்தக் குடும்பத்துப் பாவட்டைக் கிளை வெட்ட வெள்ளிமலைக்குப் போனேன். பூக்காலம் முடியும் நேரம். அன்று விட்டால் அடுத்த வருஷம்தான். ஆனால் வெட்டிய கிளைகளையெல்லாம் வழியிலேயே எறிந்துகொண்டு நடந்தேன்.

துணைக்கு வந்த கணவர் பொறுமை இழந்தார். “இன்னாம்மா, இதுவும் வாணாவா? பூவு நல்லாத்தானே இருக்குது?”

“எலையெல்லாம் கரும்புள்ளி விழுந்திருக்குதுங்க. நோவு புடிச்ச செடிய எப்படிக் காட்றது?”

“பஸ்ஸு போய்டும், சொல்ட்டேன்.”

அலுப்பில் ஒரு கிளையின் நுனியை நகத்தால் பிரித்தேன். உள்ளே விரியாத குருத்திலை. வெயிலுக்கு நேரே பிடித்தால், அதிலும் அதே புள்ளிகள்! வெளிக்காற்றே படாத இலைக்கு நோய் எப்படி வரும்? அப்போதுதான் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. பாவட்டை இலைக்குள் பிறவியிலிருந்தே, செடிக்குக் கெடுதல் செய்யாத நுண்ணுயிர்கள் குடியிருக்கும். அந்தக் குடியிருப்புகள்தான் இந்தப் புள்ளிகள்.

சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “அப்போ தூக்கிப் போட்டதெல்லாம்?”

வந்த வழியே திரும்பி, வாடிய கிளைகளைப் பொறுக்கினோம். பஸ் போய்விட்டிருந்தது.

புள்ளியில்லாத பாவட்டையை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அன்று மலை முழுக்கத் தேடியது அதைத்தான்.