மழை படாமல் கொண்டுவந்த எயார் பில்டர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் என்று ஞாபகம். குருவிட்டையில் இருந்து மேலே ஏறிப் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம்.

என் வீட்டுக்காரர் முதலில் ரப்பர் பால் வெட்டும் வேலைதான் செய்தார். ஒரு மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்துபோனது. எலும்பு சேர்ந்தாலும் அந்தக் கால் பழையபடி மடங்கவில்லை. மலை ஏற முடியாத ஆளை வைத்து என்ன செய்வது என்று தோட்டத்துத் துரை யோசித்திருப்பார் போல, தன் பங்களா வேலைக்கு எடுத்துக்கொண்டார். பங்களாவைச் சுற்றிப் பெரிய புல்தரை. அதை வெட்டுவதற்கு, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மெசின் ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்திருந்தது. பார்க்க ஒரு குட்டி ட்ரக்டர் மாதிரி இருக்கும். அவர் அதை ஓட்டுவார். நான் பின்னாலேயே போய் வெட்டின புல்லை வாரிக் கூடையில் அள்ளுவேன்.

அந்த மெசினுக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் எயார் பில்டர் என்பார் அவர். எஞ்சின் மூச்சு இழுக்கிற இடம் அது. உருண்டையாக, ஒரு பால்மா டின் அளவு இருக்கும். வெளியே ஸ்பொன்ஞ் உறை, உள்ளே விசிறி மடிப்பு மாதிரி மடித்த கடதாசி. வெயில் காலத்தில் புல்லுத் தூசு அப்படியே போய் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் எஞ்சின் கறுப்புப் புகையைக் கக்கி நின்றுவிடும். ஸ்பொன்ஞ்சை சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் போடுவார். கடதாசியை மட்டும் மெதுவாகத் தட்டித் தூசு எடுப்பதோடு சரி. அதில் தண்ணீர் பட்டால் நைந்துபோகும், புதுசு கொழும்பில்கூட லேசில் கிடைக்காது. "கைய தொடச்சிட்டு தொடு புள்ள, ஈரக் கையோட எடுக்காத" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா, "ஒன் புருசன் ஒன்னயவிட அந்த மெசின்ட மூக்கத்தான் நல்லா கழுவி விடுறாரு" என்று கேலி செய்வார்.

தட்டியும் தூசு போகாத அளவுக்கு ஒருமுறை அடைத்துக்கொண்டது. அப்படியானால் குருவிட்டை பஜாரில் டயர் கடைக்குக் கொண்டுபோய், காற்றடிக்கும் மெசினால் உள்பக்கம் இருந்து ஊதி எடுத்துக்கொண்டு வரவேண்டும். வழக்கமாக அவர்தான் போவார். அந்த வாரம் பாதையில் புதிதாக ஒரு செக் பொயின்ட் போட்டிருந்தார்கள். எங்களைப் போலத் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் பலருக்கு அப்போது ஐடென்டி கார்டு கிடையாது. எங்களுக்கும் இல்லை.

"ஆம்பளைன்னா புடிச்சி வச்சிக்குவாங்க. பொம்பளைகள ஒண்ணும் கேக்கிறதில்லயாம். நீ போயிட்டு வந்துரு" என்றார்.

"எனக்கு அங்க போயி பேச வருமாங்க?"

"பேசவே வேணாம். கடையில குடு, ஊதித் தருவாங்க. வாங்கிக்கிட்டு பஸ் ஏறு."

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. கடைக்காரர் ஊதிக் கொடுத்தார். பழைய சாரத் துணியில் சுற்றி, சொப்பிங் பேக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் இருந்த ஜன்னலின் கண்ணாடி உடைந்திருந்தது. சாரல் உள்ளே அடித்தது. சேலைத் தலைப்பை எடுத்து பேக்கை மூடினேன். அதுவும் நனைந்தது. கடைசியில் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பேக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். முதுகெல்லாம் நனைந்து ஊறிவிட்டது.

பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா இருந்தார். என்னைவிட மூத்தவர். பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். "அதென்ன நங்கி, அவ்வளவு பத்திரமா வச்சிருக்க?" என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சியை அவர்கள் நங்கி என்றுதான் சொல்வார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் முன்பின் தெரியாதவர்களோடு பேச நா எழாது. ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் விட்டுவிட்டார்.

செக் பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையாக நடந்துபோய் கார்டைக் காட்டவேண்டும், பேக்கைத் திறக்கவேண்டும். என் முறை வந்தது. ஒரு இளம் பொலிஸ்காரர் துணியைப் பிரித்தார். மூக்கருகில் கொண்டுபோனவர் முகம் மாறிவிட்டது. பெற்றோல் வாசம் அடித்திருக்கும்.

"என்ன இது?"

"மெசின் சாமான், மாத்தயா."

"என்ன மெசின்? ஐடென்டி எங்க?"

நான் கையை விரித்தேன். அவர் சார்ஜனைக் கூப்பிட்டார். சார்ஜன் தூரத்தில் இருந்தே அதைப் பார்த்தார். உருண்டைச் சாமான், பெற்றோல் வாசம், கார்டு இல்லாத தமிழ்ப் பொம்பளை. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சந்தேகமான சாமான்களை அதில் அமுக்குவதற்கு.

"அத தண்ணியில போடு" என்றார் சார்ஜன்.

இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று. தோட்டத்துக் கங்காணிக்கு முன்னால்கூடச் சத்தமாகப் பேசாதவள் நான். கடதாசி நனையப் போகிறது என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது.

"ஐயோ! தண்ணியில போடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். இளம் பொலிஸ்காரர் சாமானை ரோட்டில் வைத்துவிட்டு மணல் மூட்டைக்குப் பின்னால் ஓடினார். வரிசையில் நின்ற சனம் சிதறியது. பிள்ளை வைத்திருந்த ஒருத்தி கீழே விழுந்து எழும்பினாள். துவக்கு ஒன்று என் நெஞ்சுக்கு நேராக நீண்டது.

"தண்ணியில போட்டா என்ன ஆகும்? சொல்லு!"

"கெட்டுப்போயிரும்…" என்றேன். நினைத்துப் பார்த்தால் அதுவும் எவ்வளவு தப்பான பதில்!

ஜீப்பை வரச்சொல்லி பெரிய ஸ்டேஷனுக்கு அனுப்பு என்று சார்ஜன் சொன்னது காதில் விழுந்தது. அந்த நாளில் அப்படிக் கொண்டுபோனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்காகப் போய்ப் பேச எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? கால் ஏலாத என் வீட்டுக்காரரா? அவர் தேடிக்கொண்டு வந்தால் அவரையும் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள். சனம் அடித்துப்பிடித்து ஏறியது. பஸ் போய்விட்டது. ரோட்டு நடுவில் அந்தச் சாமான், பாதி பிரிந்த துணியோடு, தூறலில்.

அந்த வெள்ளைச் சேலை அம்மா மட்டும் பஸ்ஸில் ஏறவில்லை.

நேராக நடந்து வந்தார். குனிந்தார். அதை எடுத்தார். "அம்மா! வைங்க கீழ!" என்று சார்ஜன் கத்தினார். அவர் வைக்கவில்லை. ஓரத்தில் கிடந்த பலகை வாங்கில் போய் உட்கார்ந்து, சாமானை மடியில் வைத்து, தன் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"கத்தாத மகன், எனக்குக் காது கேக்கும்" என்றார். "இந்தப் புள்ள என் பக்கத்துலதான் இருந்தா. மழையில முதுகக் குடுத்து இத நனையாம காப்பாத்திக்கிட்டு வந்தா. வெடிக்கப் போற சாமான யாராவது இப்படி வச்சிப் பாப்பாங்களா?"

"உங்களுக்கு இவளத் தெரியுமா?"

"தெரியாது. நான் கேட்டதுக்கு ஒரு பதில்கூடச் சொல்லல, திமிர் புடிச்சவ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நங்கி, இப்பவாவது வாயத் திற. இத எப்படிக் கழட்டுறது?"

நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். வெளியே இருப்பது ஸ்பொன்ஞ், காலில் இருந்து மேஸ், அதுதான் காலுறை, கழற்றுவது மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். உள்ளே கடதாசி, தண்ணீர் பட்டால் நைந்துபோகும். பங்களாவில் புல் வெட்டுகிற மெசின், என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், அவருக்குக் கால் ஏலாது. சிங்களத்தில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தரம். அழுதுகொண்டே பேசினேன்.

அவர் நான் சொன்னபடியே கழற்றினார். கடதாசியை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஊதிச் சுத்தம் செய்த பில்டர் அல்லவா, மடிப்புகளுக்கு ஊடாக வெளிச்சம் தெரிந்தது. "வா, வந்து பார். உள்ள ஒண்ணும் இல்ல, காத்துதான்" என்றார் சார்ஜனிடம். அவர் கிட்ட வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருந்த ஓட்டைக்குள் பார்த்தார். மடிப்பில் இருந்து ஒரு காய்ந்த புல் அவர் கன்னத்தில் விழுந்தது. அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஐடென்டி இல்லாம இனிமே இந்தப் பக்கம் வராத. போ" என்றார்.

அடுத்த பஸ் வர வெகு நேரமானது. இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் நின்றோம். அவர் அடிக்கடி ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கே, நீங்க பன்சலைக்கா போறீங்க?" என்று நானாகக் கேட்டேன்.

"இல்ல நங்கி. அண்ணன் செத்துட்டான். இன்னைக்குத்தான் அடக்கம்."

"அப்ப ஏன் பஸ் ஏறாம நின்னீங்க அக்கே?" என்றேன்.

"கூடப்பிறந்தவன் நான் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டிருப்பான்னு நெனச்சேன்" என்றார். "உன்ன அங்க தனியா விட்டுட்டுப் போயி அவன் காலடியில உக்காந்தா, அழுகை வருமா எனக்கு?"

பஸ் வந்தது. ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பாதைக்குக் குறுக்கே செத்த வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது தெரிந்தது. அதற்கு அடியில் வெள்ளை உடுத்திய சனம் கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தது. ஆண்கள் தோளில் மம்பட்டி. அதில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. அடக்கம் முடிந்து திரும்பி வருகிறார்கள்.

அவரும் பார்த்தார். என் கையில் இருந்து தன் கையை மெதுவாக எடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "மழை படாம கொண்டு போ" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா ஊதியிருக்கான்" என்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பஸ் இல்லை என்றேன். மற்றதைச் சொல்ல எனக்குப் பல நாள் எடுத்தது. சொன்னபோது அவர் எழுந்து வெளியே போய் வெகு நேரம் நின்றார். பிறகு அந்தக் கொடி கட்டியிருந்த இடத்துக்கு இரண்டு பேருமாகப் போய் விசாரித்தோம். அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. அந்த அம்மா தூரத்து ஊர் என்று மட்டும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் மனதில் இடம் மாற்றிப் பார்த்திருக்கிறேன்: அவர் அங்கே துவக்குக்கு முன்னால் நிற்கிறார், என் அண்ணன் பெட்டிக்குள் கிடக்கிறார், பஸ் புறப்படப் போகிறது. நான் பஸ் ஏறாமல் நின்றிருப்பேனா என்று இந்த வயதிலும் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஒருத்தியாக ஆகிவிட வேண்டும் என்றுதான் மிச்ச நாளைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.