வேறு மொழி லேபிள்

சட்டைக் கழுத்திலிருந்த லேபிளைத் துணி கிழியாமல் பிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக ஏற்றுமதி ஆடை ஆலையில் லேபிள் தைத்தவள். சட்டை வாங்கும் நாடு அரசியலில் முறைத்துக்கொண்டு வரியை ஏற்றியதும், தைத்ததெல்லாம் கிடங்கில் முடங்கியது. ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. நேற்று வேறொரு நாடு, தன் மொழியில் லேபிள் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது.

“பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டாங்கக்கா,” என்றான் சூப்பர்வைசர்.

“அந்த ஊர்க்காரங்க நல்லா இருக்கணும் தம்பி. அவங்க எழுத்துல தலை எது, கால் எதுன்னு மட்டும் சொல்லிடு.”

“எனக்கே தெரியாதுக்கா. சேர்ந்தே மாட்டிக்குவோம்.”

சிரித்தாள். முகம் தெரியாத அந்தக் கழுத்துகளை உறுத்தாதபடி நூல் முனைகளை ஒட்ட வெட்டினாள்.

மறுநாள் புது லேபிள் மதியம்தான் வந்தது. அதுவரை பிரித்தாள். பிறகு தைத்தாள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனாள்.