பெரியவரின் முழங்காலில் இரண்டு வட்டங்கள்

செல்லப்பாக்கியத்துக்கு மனிதர்களைக் கண்டாலே அருவருப்பு வந்ததற்கு முதல் காரணம் உருளைக்கிழங்கு.

எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிய படம் அழுக்கேறினால் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டித் தேய்க்கவேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ சிகாமட் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். தேய்த்தார்கள். கிழங்குச் சாறு வெடிப்புக்குள் இறங்கிப் புளித்து, அப்பாவின் கன்னத்தில் பூசணம் பூத்த பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு அவளிடம் தூக்கி வந்தார்கள். சிலர் தேங்காயெண்ணெய் தடவினார்கள். ஒரு மகாபாவி தேசிக்காய் பிழிந்திருந்தான். "தகப்பன்ரை முகத்திலை ஊறுகாய் போட்டிருக்கிறியள்" என்று செல்லப்பாக்கியம் நேருக்கு நேர் சொல்லிவிடுவாள். அவளுக்கு நாக்கு நீளம் என்று ஊரில் பெயர். அது உண்மைதான்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அவள் கணவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்கள் தங்கள் பெரியவர்களின் போட்டோவைக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கித்தான் துணியில் ஆளுயரத்துக்குத் தீட்டிக் கொடுப்பார். சாயம் குழைத்ததும் வார்னிஷ் அடித்ததும் இவள்தான். இருபத்தாறாம் வருஷத்துப் பெரிய வெள்ளத்தில் ஸ்டூடியோ மூழ்கியது. மறுவருஷம் காய்ச்சலில் அவரும் போனார். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு பெரியவர்கள் சொட்டச் சொட்டச் சுவரில் தொங்கினார்கள். திருத்த ஆளில்லை. இவள் கெடுத்துக் கெடுத்துப் பழகிக்கொண்டாள்.

பழகியதில் முதலாவது வெடிப்புகளைப் பிரித்தறிவது. வயசானால் வரும் வெடிப்பு மயிரிழையாக, ஓரம் கூர்மையாக, அடிப்பூச்சுவரை இறங்கியிருக்கும். கீழ்ப்பூச்சுக் காயுமுன் மேலே பூசிய அவசரக்காரனின் வெடிப்பு அகலமாக இருக்கும். வாய் பிளந்து உள்நிறத்தைக் காட்டும். கணவரின் படங்களில் அது நிறைய உண்டு. அதைச் சொல்ல அவள் கூசியதே இல்லை. விளக்கைக் கிட்ட வைத்தால் கொப்புளம் வரும். ஈரம் ஏறினால் துணி சுருங்கிச் சாயம் செதில் செதிலாக எழும்பும். ஆனால் ஒரு புள்ளியை நடுவில் வைத்துச் சிலந்திவலைபோல வட்டம் வட்டமாக ஓடும் வெடிப்புக்கு ஒரே காரணம்தான். அங்கே ஏதோ ஒன்று பலமாக மோதியிருக்கவேண்டும். வயசுக்கு வட்டம் போடத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தவள்தான் கதிரேசு வீட்டுச் சம்பந்தத்துக்கு முதலில் தலையாட்டியவள்.

அன்னலட்சுமி அவளுடைய செத்துப்போன தங்கையின் மகள். பத்து வயதிலிருந்து பெரியம்மாவின் கையில் வளர்ந்தவளுக்கு இப்போது இருபது. மாப்பிள்ளை கதிரேசுவுக்கு அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு, சிவந்த தேகம். இரண்டாம் தாரம் என்பது ஒன்றுதான் குறை. முதல் மனைவி தையல்நாயகி இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ காய்ச்சலில் இறந்துபோனாளாம். பொந்தியானில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அண்ணன் சிவசம்புதான் பேசி முடித்தார். "தெரிஞ்ச குடும்பம். நல்ல இடம்" என்று செல்லப்பாக்கியமும் தன் வாயாலேயே சொன்னாள். பிறகு அந்த வாயை எத்தனை தடவை கொப்பளித்தாளோ, அவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கதிரேசு வீட்டு வேலைக்காரி வெள்ளையம்மா ரிக்‌ஷாவில் ஒரு பெரிய படத்தைச் சேலையால் போர்த்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கதிரேசுவின் பாட்டனாரின் படம். தலைப்பாகையும் கோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாலரையடி உயரப் பெரியவர்.

"சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வராங்களாம். கல்யாணத்துக்குள்ள சரி பண்ணணும்னு எங்க ஐயாவோட அம்மா சொன்னாங்க. வெயிலு பட்டு வெடிச்சிருச்சு" என்றாள் வெள்ளையம்மா.

பெரியவரின் முகத்தில் வயசு வெடிப்பு. அது பரவாயில்லை. முழங்கால் பக்கம் மட்டும் ஏதோ கறுப்பாக அப்பியிருந்தது. செல்லப்பாக்கியம் பஞ்சில் டர்பென்டைன் தொட்டு ஒற்றினாள். கறுப்பு அப்படியே பஞ்சோடு வந்தது. காய்ந்த எண்ணெய்ச் சாயம் அத்தனை சுலபத்தில் இளகாது. பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். பூட் பாலிஷ்!

சீ! சப்பாத்துக்குப் போடுவதைப் பாட்டன் மடியில் பூசியிருக்கிறார்களே என்று திட்டிக்கொண்டே துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. அதைச் சுற்றி இன்னொன்று, அதற்கும் வெளியே இன்னொன்று. நடுவில் சாயமே இல்லை. அந்த இடத்துத் துணியில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் ஊறிப் பழுப்பேறியிருந்தது. பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி, இரண்டாவது வட்டம். அதன் நடுவில் ஒரு பழைய அடைப்பு உடைந்து தொங்கியது. சுண்ணக்கட்டியும் மெழுகும் குழைத்து, துளி மஞ்சட் காவி சேர்த்த அடைப்பு.

அந்தக் கலவை சிகாமட்டில் ஒருத்தியிடம்தான் உண்டு. அவள் கைவேலைதான் அது.

ஆறு வருஷத்துக்கு முன் கதிரேசு இதே படத்தைத் தானே கொண்டுவந்தான். பெட்டி தூக்கும்போது மூலை இடித்துவிட்டது என்றான். பெட்டி மூலை இடித்தால் துணி கிழியும். வட்டம் வராது. அது அவளுக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தும், வேலை வந்தால் சரி என்று கேட்காமல் விட்டாள். கூட வந்த தையல்நாயகி வாசற்படியில் நின்றாள். வெயிலே இல்லாத நேரத்தில் முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று இந்த மடைச்சி மெச்சிக்கொண்டாள். மெச்சிக்கொண்டே, அந்தப் பிள்ளையின் மண்டை மோதிய இடத்தை மெழுகு வைத்து அடைத்து, சாயம் பூசி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்கிக் கொடுத்தாள். பிரமாதமான வேலை என்று கதிரேசு கும்பிட்டுவிட்டுப் போனான்.

உடைந்த அடைப்பைச் சிறுகத்தியால் நெம்பினாள். எழும்பிய சாயத் துண்டுக்கடியில் சிக்கியிருந்தது ஒரு தலைமயிர். நீளமானது, வேரோடு பிடுங்கியது. நுனியில் ஏதோ பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

செல்லப்பாக்கியம் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

"வெள்ளையம்மா, ஆர் இந்தப் பாலிஷைப் பூசினது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. வெயிலு பட்டுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லச் சொன்னவையோ?"

வெள்ளையம்மா ரிக்‌ஷாக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தூரத்தில் குந்திச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். "நான் பொழைக்க வேணாமாம்மா? என்கிட்ட கேக்காதீங்க" என்றாள் மெல்ல.

"சரி, கேக்கேல்லை. படம் எவ்வளவு உயரத்திலை தொங்கினது எண்டு மட்டும் காட்டு."

வெள்ளையம்மா கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். "அடிச்சட்டம் இங்க வரும்." வைத்த கையை உடனே எடுக்கவில்லை. செல்லப்பாக்கியம் அளவுகோலை எடுத்துவந்து அளந்து, சுவரில் கரியால் ஒரு கோடு போடும்வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் சிவசம்பு வந்தார். செல்லப்பாக்கியம் படத்தைக் காட்டினாள், மயிரைக் காட்டினாள், எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெடிப்பைப் பாத்துக் கலியாணத்தைக் குழப்பிறியே? உனக்கென்ன விசரோ?" என்றார் அண்ணன்.

"தலைமயிர் இருக்கு, அண்ணை."

"தலை வாரி இழுக்கேக்கை பறந்து ஒட்டியிருக்கும்."

"பூட் பாலிஷும் பறந்து வந்து ஒட்டினதோ?"

சிவசம்பு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆம்பிளை கோவத்திலை ஒண்டு ரெண்டு அடிக்கிறதுதான். அதுக்குக் கலியாணத்தை நிப்பாட்டினால் சிகாமட்டிலை எந்தப் பெட்டையும் வாழேலாது. நான் வாக்குக் குடுத்திட்டன், பாக்கியம். பேசாமல் படத்தைத் திருத்தி அனுப்பு. உன்ரை வேலை அதுதானே?"

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது. கெட்டவன் சொன்னால் காறித் துப்பிவிடலாம். தினமும் தேவாரம் பாடுகிற, எறும்புக்கும் அரிசி போடுகிற மனுஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார். உன் வேலை அதுதானே என்றாரே, அதில் தப்பென்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

அடுக்களையில் அன்னலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். செல்லப்பாக்கியம் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னாள். பெண் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப முதல்முறை பூசி மறைச்சது நீங்களே, பெரியம்மா?"

"ஓம். நான்தான்."

துருவல் ஓசை மறுபடி கேட்டது. பாதித் தேங்காய் முடிந்த பிறகு அன்னலட்சுமி தலை நிமிராமல் சொன்னாள்: "இந்த முறை பூசாதையுங்கோ."

வெள்ளிக்கிழமை கூறைச்சேலை காட்ட மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கதிரேசு, அவன் தாயார், தட்டம் தூக்கிக்கொண்டு வெள்ளையம்மா. சிவசம்பு நடுக்கதிரையில் உட்கார்ந்து வரவேற்றார். கதிரேசு கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் வந்திருந்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் "மாமா, மாமா" என்றான். அவன் நகங்கள் எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கின்றன என்று பார்த்ததும் செல்லப்பாக்கியத்துக்குத் தேகமெல்லாம் கூசியது.

பெரியவரின் படம் கூடத்துச் சுவரில், கரிக்கோட்டில் அடிச்சட்டம் பொருந்தும்படி, தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாலிஷ் முழுவதும் துடைத்தாகிவிட்டது. முழங்காலில் இரண்டு வெள்ளை வட்டங்கள் யாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தன.

"என்ன, இன்னும் திருத்தேல்லையோ?" என்றாள் கதிரேசுவின் தாயார். குரல் ஒருமாதிரி இருந்தது.

"வெயில் எந்தப் பக்கத்தாலை வந்து பட்டது எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றாள் செல்லப்பாக்கியம்.

"பாக்கியம்!" என்று சிவசம்பு முறைத்தார்.

அப்போது அன்னலட்சுமி கோப்பித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். வந்தவர்களைக் கும்பிட்டாள். உள்ளே திரும்பிப் போகாமல் நேரே படத்தடிக்குப் போய், எல்லாரையும் பார்த்தபடி திரும்பி நின்று, பின்தலையைப் படத்தில் சாய்த்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார் சிவசம்பு.

"உயரம் பாக்கிறன், மாமா."

அவள் பின்தலை சாய்ந்த இடத்துக்கு மேலே நாலு விரல் தள்ளித்தான் வட்டங்கள் இருந்தன. கதிரேசுவின் தாயார் படபடத்து எழுந்தாள்.

"பாத்தியளே! எங்கை பொருந்துது? பொருந்தாது. தையல்நாயகி இவளைவிட நாலு விரல் உயரம்!"

அந்தக் கூடத்தில் அதுவரை தையல்நாயகியின் பேரை ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

தான் சொன்னது கிழவிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "அம்மா" என்றான் கதிரேசு. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். அவ்வளவுதான், கிழவி இரண்டு கையாலும் பின்தலையைப் பொத்திக்கொண்டு தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

சிவசம்பு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அண்ணனும் இல்லை, வாக்குக் கொடுத்த பெரிய மனுஷனும் இல்லை. அழுகியதைத் தெரியாமல் கடித்துவிட்டவரின் முகமாக இருந்தது. எழுந்தார். கூறைச்சேலைத் தட்டத்தை எடுத்துக் கதிரேசுவின் மடியில் வைத்தார்.

"வண்டி நிக்குது" என்றார்.

செல்லப்பாக்கியத்துக்குக் கிழவியின்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தானும் அடிவாங்கிக்கொண்டு, இன்னொருத்தி அடிவாங்கிய இடத்தில் பாலிஷ் பூசியவள். அடுத்ததாக ஒருத்தியைக் கொண்டுபோக வந்தவள். சீ என்றுதான் வந்தது. அந்தச் சீயில் பாதி மெழுகு பூசியவளுக்கும் சேர வேண்டியது என்று அவளுக்குத் தெரிந்தது. நெடுநாள் வரைக்கும் அவளுக்குத் தன் கையால் பிசைந்த சோறு இறங்கவில்லை. கரண்டியால் தின்றாள்.

படத்தை எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. அவளாகவே ரிக்‌ஷா பிடித்து, வட்டங்களைத் திறந்தபடி, மூடாமல், கடைத்தெரு வழியாக அனுப்பிவைத்தாள். அந்த ஒற்றை மயிரை மட்டும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், தையல்நாயகிக்கென்று முழுகி, தண்ணீரில் விட்டாள்.

அதற்குப் பிறகும் படம் திருத்தினாள். ஆனால் வட்டமாக வெடித்த படம் எது வந்தாலும் கையில் வாங்கமாட்டாள். "உதுக்குப் பக்கத்திலை நிண்டவளைக் கூட்டி வாங்கோ. பிறகு படத்தைப் பாப்பம்" என்பாள். விசர் மனுஷி என்று பலர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரவுமில்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டாள்.

மூன்று வருஷம் கழித்து மெர்சிங்கிலிருந்து ஒருத்தி வந்தாள். துணைக்கு யாருமில்லை. ஒரு படத்தைத் தானே சுமந்து வந்திருந்தாள். மழையுமில்லை, வெயிலுமில்லை, முந்தானை தலையில் கிடந்தது.

செல்லப்பாக்கியம் படத்தை வாங்கிச் சுவரோரம் திருப்பி வைத்தாள்.

"உள்ளை வா, பிள்ளை" என்றாள். "முந்தானையை எடு. பாப்பம்."