ராசிக்காரன் நின்றால் போதும்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். என்னடா என்று கேட்டதற்கு, "மாமா ஸ்டாரே இல்லன்னு நீங்கதான் மொத ஆளாச் சொன்னீங்களாம்ல?" என்றான். பாப்பா, நீயும் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான் அப்போது பதில் சொல்லவில்லை. வாயால் சொல்லி முடிகிற விசயம் இல்லை அது. உங்கள் மாமாவிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தான், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது" என்று சொன்னான். நான் பத்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும்.

ஆமாம். சொன்னேன். ஊரே கேட்கிற மாதிரி சத்தம் போட்டுத்தான் சொன்னேன்.

உங்கள் மாமா இப்போது மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவன் நம் ஊர்க் கூடைப்பந்து டீமில் ஆடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தரைதான் மைதானம். கடல்காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் விளக்குமாறு போட்டுக் கூட்டினால்தான் கால் வழுக்காது. கூட்டுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்; படகுக்காரர் எல்லாருக்கும் வேறு வேலை கிடையாது. அதனால்தான் கோப்பைப் போட்டியையும் அந்த மாதங்களில் வைப்பார்கள். ஐஸ் கம்பெனியிலும் லோடு இருக்காது. என் குட்டியானை லோடு வண்டியும் சும்மாதான் நிற்கும். நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, பயிற்சியில் குதித்து இறங்கும்போது மாமா இன்னொருவன் பாதத்தின் மேல் கால் வைத்துவிட்டான். வலது முட்டி பலூன் மாதிரி வீங்கியது. "யார்ட்டயும் சொல்லாதீங்க அத்தான்" என்று என் வண்டியில் ஏறிக்கொண்டான். உங்கள் அம்மாவிடம் ராமநாதபுரத்துக்கு லோடு என்று சொல்லிவிட்டு அவனை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, அசையாமல் இருந்தால் தானாகக் கூடிவரும், இன்னொரு தடவை திருகினால் முழுசாக அறுந்துபோகும், அப்புறம் ஆபரேசன்தான், ஓட்டத்தை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு அரசாங்க அலுவலக டீமுக்கு ஆள் எடுப்பு இருந்தது. எடுத்துவிட்டால் வேலை. மாமாவுக்கு வயது வரம்பு அந்த வருசத்தோடு முடிகிறது. டாக்டர் சொன்ன ஓய்வு எடுத்தால் அந்த ஆளெடுப்புக்குக் கால் சரியாகிவிடும். இடையில் இந்த இறுதி ஆட்டம். முட்டி போன சேதி வெளியே தெரிந்தால் சென்னைக்காரர்கள் கூப்பிடவே மாட்டார்கள் என்று பயந்தான். அவன் சும்மா இருக்க வேண்டும், ஏன் சும்மா இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. என்ன செய்வது?

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். வழக்கமான கூட்டம். விசைப்படகு ஓட்டுகிற டிரைவர் அண்ணன், சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர், எங்கள் ஐஸ் கம்பெனி ஆப்பரேட்டர். இந்தக் காக்காதான் ஊருக்கு 'பிரான்சைஸ் ஸ்டார்' என்ற வார்த்தையைக் கொண்டுவந்தவர். வெளிநாட்டு ஆட்டங்களை எல்லாம் விடியக்காலையில் போனில் பார்ப்பவர்.

"ஒரு டீம் பூராவயும் ஒருத்தன நடுவுல வச்சு, அவனச் சுத்திக் கட்டுவாங்க. அவனுக்குப் பேருதான் பிரான்சைஸ் ஸ்டார்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். "நம்ம பய அந்த ரகமா, இல்ல வெறும் நல்ல பிளேயரா? அதான் கேள்வி."

"ஏன் காக்கா சுத்தி வளைக்கிறீக? ராசிக்காரன்னு சொல்லுங்க" என்றார் டிரைவர் அண்ணன்.

காக்கா அது வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அந்தக் கணமே ராசிக்காரன் என்பதுதான் ஒட்டிக்கொண்டது.

ராசிக்காரன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஆள் ஏறிய நாளெல்லாம் படகுக்கு நல்ல மீன் கிடைத்தால், அவன் ராசிக்காரன். அப்புறம் அவனை விட்டுவிட்டுப் படகு கிளம்பாது. காய்ச்சலில் கிடந்தாலும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படகின் முன்பக்கம் அணியத்தில் படுக்கப்போட்டுக்கொண்டு போவார்கள். அவன் வலையைத் தொட வேண்டியதில்லை. படகில் இருந்தால் போதும்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பயலுக்கு ரெண்டு நாளாக் காலு கொஞ்சம் சரியில்லபோலத் தெரியுது. நாளைக்கு உக்கார வச்சிட்டா என்ன?"

டிரைவர் அண்ணன் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அதுக்கென்ன? ஓட வேணாம். அங்கன கூடைக்குக் கீழ போயி நிக்கட்டும். ராசிக்கு நின்னாப் போதும்."

"ஆமா, அவரு நின்னாலே எதிர்டீம்ல ரெண்டு பேரு அவர விட்டு நகர மாட்டான்" என்றான் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தன்.

கால் முறிந்து கிடக்கிறது என்று சொன்னாலும் இவர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று புரிந்துவிட்டது. அவன் ராசிக்காரன் என்ற நினைப்பே போனால்தான் அவனை விடுவார்கள். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

நல்லவேளையாக ஐஸ் கம்பெனி ஆப்பரேட்டர் எதிர்க்கட்சி. "பெரிய ஆட்டத்துல ஆளக் காணோமே காக்கா. போன வருசம் கடைசியில ரெண்டு ப்ரீத்ரோ கெடச்சுது. ரெண்டயும் போர்டுல அடிச்சாரு. இவர நம்பி டீம் கட்டுனா டீமு கடல்லதான் போகும்."

நான் அவன் பக்கம் சாய்ந்தேன். "சரியாத்தான சொல்றான். அவன் பந்த எவனுக்கும் குடுக்க மாட்டான்."

"ஸ்டியரிங்க, பக்கத்துல நிக்கிறவன்கிட்ட எவன்யா குடுப்பான்?" என்றார் டிரைவர் அண்ணன்.

"திரும்பி ஓடிவந்து தடுக்கவும் மாட்டான்."

"வலைய இழுக்குறவனே தண்ணியும் எறைக்கணுமாக்கும்?"

"ஜெயிச்சதெல்லாம் மத்த நாலு பேரு ஆடி ஜெயிச்சது."

இப்போது காக்கா துள்ளினார். "அதத்தானத்தா நானும் சொல்றேன்! அவன் உள்ள நிக்கப்போயித்தான் மத்த நாலு பேரும் ஆடுறான். வெளிய எடுத்துப் பாருங்க, நாலு பேரும் முழிப்பான். அதுக்குப் பேருதான் பிரான்சைஸ் ஸ்டார்!"

நான் எதைச் சொன்னாலும் அதையே எடுத்து அவனுக்கு மாலையாகப் போட்டார்கள். ஒருவன், "ஏண்ணே, மாமனாரு வீட்ல இந்த வாரம் கறி போடலயா?" என்றான். கடையே சிரித்தது. எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"அவன் ஸ்டாரும் இல்ல, ராசியும் இல்ல. அவனால ஊருக்கு ஒரு கோப்பையும் வராது. அவனத் தூக்கிட்டு வேற எவனயாச்சும் எறக்குங்கய்யா!"

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். டிரைவர் அண்ணன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு கடையைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீகளா? வீட்டு ஆளு, பயலுக்குக் கண்ணேறு படாம இருக்க இப்புடிச் சொல்றாப்ல. எங்காத்தாவும் இப்புடித்தான். நல்லா வளந்த கன்னுக்குட்டியக் காட்டி, இது சொத்தக் கன்னுன்னு சொல்லும்." பிறகு டீ மாஸ்டரைப் பார்த்து, "நம்ம மச்சானுக்கு ஒரு டீ போடு, என் கணக்குல" என்றார்.

கை தட்டினார்கள், பிள்ளைகளா. நான் திட்டியதற்குக் கை தட்டினார்கள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வராந்தாவில் உங்கள் மாமா முட்டியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் மாப்ள. வயித்துவலின்னு சொல்லிட்டு வண்டியில ஏறு. நான் கொண்டுபோயிருறேன்."

"வெளிய பாத்தீங்களா அத்தான்? ஏர்வாடில இருந்தெல்லாம் ஆளு வந்திருக்கு. நான் எப்புடிப் போறது?"

"உன் காலுடா."

"நின்னாப் போதும்னு சொல்லிட்டாங்க. நிக்கிறேன். சத்தியமாக் குதிக்க மாட்டேன். போதுமா?"

பாதி ஆட்டம் வரை சொன்னபடியே நின்றான். கூடைக்குப் பக்கத்தில் நின்று வந்த பந்தை வாங்கி அடுத்தவனுக்குக் கொடுத்தான். அவ்வளவுதான். இரண்டு பேர் அவனையே ஒட்டிக்கொண்டு நின்றார்கள், மற்றவர்கள் புள்ளி எடுத்தார்கள். நம் டீம்தான் முன்னால் இருந்தது. "பாத்தீங்களா ராசிய!" என்று டிரைவர் அண்ணன் துண்டைச் சுற்றினார். நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நில், நில், அப்படியே நில் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கோப்பை யாருக்குப் போனால் எனக்கென்ன.

அப்புறம் ஒரு பந்து வளையத்தில் பட்டு அவன் தலைக்கு நேர் மேலே எழும்பியது.

அவன் யோசித்திருந்தால் குதித்திருக்க மாட்டான். உடம்பு தானாக எழுந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பந்துக்குக் குதித்த உடம்பு அது. பந்தையும் பிடித்துவிட்டான். இறங்கும்போது முட்டி உள்பக்கமாகப் போனது. அவன் கத்திய சத்தம் நான் அதுவரை கேட்டதில்லை. கூட்டமோ, "எந்திரி! எந்திரி!" என்று கத்தியது. தாமதம் செய்வதற்காக நடிக்கிறான் என்றுகூட ஒருவன் சொன்னான். நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

அவனை என் வண்டியில் கிடத்திக்கொண்டு ராமநாதபுரம் கிளம்பினேன். உச்சிப்புளி தாண்டும்போது யாரோ போன் போட்டு, ஆட்டம் தோற்றுவிட்டது என்று சொன்னார்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். ஆபரேசன். ஒரு வருசம் ஓடக்கூடாது. சென்னை போய்விட்டது.

மறுநாள் காலையில் டிரைவர் அண்ணனும் காக்காவும் ஆப்பரேட்டரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுசர்கள்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். மாமா கண்ணை மூடிக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, சன்னலுக்கு வெளியே வராந்தாவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு பேசினார்கள்.

"அண்ணே, நீங்க மொத நாளே சொன்னீங்க. நான் மட்டுந்தான் நம்புனேன்" என்றான் ஆப்பரேட்டர்.

"கண்ணேறுக்குச் சொல்றாப்லன்னுல நெனச்சோம்" என்றார் டிரைவர் அண்ணன். "சொந்த அத்தானே சொல்லும்போது கேட்டிருக்கணும். வீட்டு ஆளுக்குத் தெரியாததா?"

காக்கா பெருமூச்சு விட்டார். "நல்ல பிளேயர்தான். இல்லங்கல. ஆனா பிரான்சைஸ் ஸ்டார்ங்கிறது வேற ரகம்ப்பா. அவன் கடைசி வரைக்கும் நிப்பான்."

அவ்வளவுதான். டீக்கடையில் இத்தனை நாள் முடியாத விவாதம், நான் கத்திய ஒரு வார்த்தையை வைத்து அந்த வராந்தாவில் முடிந்துபோனது. முட்டி முன்னாடியே போனது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? தெரிந்தே ஆடி ஊரைத் தோற்க வைத்துவிட்டான் என்று அதையும் அவன் தலையில்தான் வைப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குப் பேசியதைத்தான் ஊர் இன்றைக்கும் உங்களிடம் சொல்கிறது.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்தேன். மாமா விழித்துத்தான் இருந்தான். மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீக்கடையில அப்புடிச் சொன்னீங்களா அத்தான்?"

"சொன்னேன்."

"நான் ஆடாம உக்காரணும்னுதான?"

"ஆமா."

"அது தெரியுது அத்தான்" என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆனா, நெசமாவே நான் ஸ்டார் இல்லயா?" என்று கேட்டான்.

ஆட்டத்தில் எனக்குப் புள்ளி எண்ணத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நீ ஸ்டார்தான் என்று சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பான். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்து அவனை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை.

கட்டிலுக்குக் கீழே அவன் ஜெர்சி சுருண்டு கிடந்தது. வேர்வையும் மணலும் சேர்ந்து விறைத்துப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்குப் போனேன். யாரும் இல்லை. எதிர்க்கடையில் ஒரு சோப்பு வாங்கிவந்து, குந்தி உட்கார்ந்து, கழுத்துப்பட்டையில் ஏறியிருந்த அழுக்கு போகும் வரை இரண்டு கையாலும் கசக்கினேன். முதுகில் இருந்த நம்பர் உரிந்துவிடாமல் அந்த இடத்தை மட்டும் மெதுவாக அலசினேன். பிழிந்து, உதறி, வெயில் விழுகிற பக்கமாகச் சுற்றுச்சுவரில் விரித்துப் போட்டேன்.