ரோஸ் பக்கம்

‘ஆகஸ்ட் 9. இரண்டு மாத்திரைகளும் ஒன்றாகிவிட்டன. இனி மறதிக்கு இடமில்லை.’

என் மனைவியின் இரத்த அழுத்தத்தைப் பற்றி நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது. அன்று காட்டுப்பாக்கத்து டாக்டர் புதிய மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் ரோஸ். இரண்டு தகடுகளை ஒட்டியதுபோல் இருந்தது. ஒரு மருந்து அழுத்தத்தைக் குறைக்கும், மற்றது உடம்பில் தங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும், அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்றார். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. செப்டம்பர்க் கடைசியில் மறுபடி பார்த்தபோது அழுத்தம் முன்பைவிட ஏறியிருந்தது. பஸ்ஸில் தலைசுற்றல் வேறு. அவளுடைய அக்கா இதே நோயில் கை விழுந்து, வாய் கோணிப் படுத்திருப்பவர். இன்னொரு மாதம் பார்த்துவிட்டு மருந்தின் அளவைக் கூட்டலாம் என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து முகம் மழிக்க பிளேடை எடுத்தேன். விளிம்பில் ரோஸ் நிற மாவு. தேடியபோது அலமாரியில் ஒரு பழைய குங்கும டப்பா அகப்பட்டது. உள்ளே சீவப்பட்ட மாத்திரைகள், ஈரம் கோத்துப் பழுப்பேறி, சொத்தைப் பற்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தொட்ட விரல் பிசுபிசுத்தது. இதையா தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள்?

கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். கூட வேலை செய்யும் பெண் கற்றுக்கொடுத்த வழியாம்.

“ரோஸ் பக்கம் நீரு. அத்த சீவிட்டா மிச்சம் பிரஷர் மாத்திரதானே,” என்றாள், கத்தரிக்காய்க் காம்பை அரிந்ததைச் சொல்வதுபோல.

வேலை நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மருந்தோடு விளையாடுகிறாயா என்று கத்தினேன்.

“ஆயுத பூஜைக்கு கம்பெனிக்கு வாய்யா. பாத்துட்டு அப்பால பேசு.”

அன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். போனேன். இயந்திரங்களைத் துடைத்து, பொட்டிட்டு, மாலை போட்டிருந்தார்கள். எடைபோடும் தராசுக்குக்கூட வாழைக்கன்று. அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ் கிடையாது; ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். தரையில் மஞ்சள் படலம் ஓடுபோல் இறுகியிருந்தது. வாளியில் இருந்த நீரின்மேல் ஆடை படிந்திருந்தது. அடைத்துக்கொண்ட குழியில் மிதந்ததை எழுத மனம் வரவில்லை. நாற்றம் கண்ணைக் கரித்தது. வாயால் மூச்சு விட்டேன், அது நாக்கில் ருசியாக இறங்கியது. அந்தக் கதவிலும் பூஜைக்கென்று யாரோ மூன்று விரலால் சந்தனம் இழுத்திருந்தார்கள்.

சுத்தம் செய்யச் சொல்லிப் பெண்கள் போய்க் கேட்டதற்கு மேற்பார்வையாளர் சொன்ன பதிலையும் அவள் வாயால் கேட்டேன்: “காலைல ஊட்லயே முடிச்சிகினு வரக் கூடாதா?” கையில் கொடுத்த பொரியையும் சுண்டலையும் வாசலிலேயே கொட்டிவிட்டேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் முகம் சுளித்தார்.

“மாத்திரைய யாராவது தோல் உரிச்சு சாப்பிடுவாங்களாம்மா?”

“நீங்க ஒரு நாளு அங்க வந்து ஒண்ணுக்குப் போய்ப் பாருங்க சார். அப்பால என்னைக் கேளுங்க.”

அவர் சிரிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு எழுதியிருப்பேனே என்றார். நீர் மருந்து இல்லாத வேறொரு கூட்டு மாத்திரையை எழுதினார். முழுசாக விழுங்க வேண்டும், அட்டையிலிருந்து எடுத்த உடனே. உடைக்கக் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. கால் வீங்கினால் உடனே வந்து சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் கண்டித்தார். டிசம்பரில் அழுத்தம் இறங்கியிருந்தது. கழிப்பறை அப்படியே இருக்கிறது. அவளும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பழைய மாத்திரையில் எந்த நிறத்தில் எந்த மருந்து என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்றார். மருந்துக்கடைக்காரர் வெள்ளைதான் நீர் மருந்து என்கிறார். அட்டையில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைக்காரர் சொல்வது சரியென்றால், அவள் அத்தனை நாளும் நீர் மருந்தை விழுங்கிவிட்டு அழுத்த மருந்தைச் சாக்கடையில் போட்டிருக்கிறாள். இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.